படுக்க வைத்த வீடு

அந்தப் பழைய நகரப் பகுதியில் தரகரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்கிற மனிதருக்கு அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "பழைய வீடுன்னா அவருக்குக் கைராசி" என்று சொல்லிவிட்டுத் தங்களுக்குள் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள்.

அவருடைய அக்காவுக்கு அந்தப் பட்டத்தில் ஏகப் பெருமை. அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, படிப்பு ஏறாமல் அவன் ஊர் சுற்றியபோது சோறு போட்டு, கடைசியில் பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் அவள்தான். "நான் ஆயுசு பூரா டாக்டருங்க பின்னாடி ஓடினேன். இவன் பத்தாங்கிளாஸைத் தாண்டாமலே டாக்டராயிட்டான்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பழைய வீடுகளைத் தம்பி பிழைக்க வைக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் செய்துவந்தது நேர்மாறான காரியம்.

அங்கே வீடுகளுக்கு வயது அதிகம். மவுசு அதைவிட அதிகம். வளைந்த ஜன்னல்கள், இரும்பில் பூவேலை செய்த பால்கனிகள், யானை நுழைகிற மாதிரிக் கதவுகள். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்கள், கம்பெனி நடத்துகிறவர்கள், பணத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாதவர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு வீடு வேண்டும். குடியிருக்க அல்ல, வாங்கிப் போட. ஆனால் அவர்களுக்குப் பிடித்தது முகப்பு மட்டும்தான். உள்ளே லிஃப்ட் வேண்டும், அடியில் கார் நிறுத்த இடம் வேண்டும், மாடியில் நீச்சல்குளம் வேண்டும். சட்டமோ அந்த வீடுகளில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக்கூடாது என்றது. ஒரே ஒரு விலக்கு இருந்தது. கட்டடம் தானாகப் பழுதாகி, இனி அது ஆபத்து என்று நகராட்சி இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டால், முகப்பை மட்டும் நிறுத்திக்கொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் இடித்துக் கட்டலாம்.

அந்த விலக்கில்தான் தரகரின் பிழைப்பு ஓடியது. அதற்குத் தொழிலில் 'வீட்டைப் படுக்க வைப்பது' என்று பேர்.

வேலை சுலபம்தான். பொறுமை வேண்டும், அவ்வளவே. வீட்டைக் காலி செய்ததும் மொட்டை மாடிக்குப் போவார். மழைத்தண்ணீர் இறங்குகிற ஓட்டைகளில் சாக்கைத் திணிப்பார். தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிற மிதவையைக் கீழேயே நிற்கும்படி கயிற்றால் கட்டிவிடுவார். தொட்டி நிரம்பினாலும் குழாய் மூடாது. தண்ணீர் பகல் முழுக்க வழிந்து தளத்தில் தேங்கும். முகப்பு நனையக்கூடாது, அதுதானே பணம். ஆகவே சிமென்ட்டில் சின்னதாக ஒரு வரப்பு எழுப்பி, தண்ணீரை எப்போதும் பின்சுவர் பக்கம் திருப்பிவிடுவார். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் குழந்தை பால் குடிப்பதுபோல மெல்ல மெல்லக் குடிக்கும். ஒரு நாள் உப்பும், பிறகு உதிரும், பிறகு விரிசல் விடும். அப்போது இன்ஜினியரைக் கூப்பிட்டால் போதும்.

அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். படுக்க வைக்கிற வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளுக்குள் காலடி வைக்கமாட்டார். யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கவும் மாட்டார். தெரிந்துகொண்டால் தூக்கம் கெடும் என்பது அவர் அனுபவம்.

இந்த முறை அவர் கையில் இருந்தது மணிக்கூண்டுத் தெருவில் ஒரு பச்சைக் கதவு வீடு. வாங்கியவர் சலவைக்கல் முதலாளி. குளியலறை, மாடிப்படி, கைப்பிடிச்சுவர் எல்லாவற்றுக்கும் சலவைக்கல் போடுகிறவர் என்பதால் அந்தப் பெயர். முதலாளி குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தரகருக்கு முன்பணம் கேட்காமலே கொடுத்தார். அது வந்த வேகத்தில், வெளிநாட்டில் படிக்கிற தரகரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணமாகப் போய்விட்டது.

வீட்டைக் காக்க ஒரு வாட்ச்மேனை வைத்திருந்தார்கள். வயதானவர், பயந்த சுபாவம். தெருவிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்பதற்காக அவரை மாடியில் பின்பக்க அறையில் உட்கார வைத்திருந்தார் தரகர். மோட்டார் போடுவதும் தண்ணீர் வழிகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. மோட்டார் போட்டாயா, சாக்கு நகர்ந்துவிட்டதா, எதிர்வீட்டுக்காரன் ஏதாவது கேட்டானா என்று தரகர் பொழுதுக்கும் போன் போட்டு அவரைக் காய்ச்சுவார்.

அக்காவின் வீடு இருந்தது ஆற்றுத் தெருவில். மஞ்சள் முகப்பு வைத்த பெரிய கட்டடம். சலவைக்கல் முதலாளி முன்பே புதுப்பித்து, ஆறு வீடுகளாகப் பிரித்து விற்றது. அதில் முதல் மாடியில் பின்பக்கத்து வீட்டை, ஓய்வு பெற்றபோது கையில் வந்த மொத்தத்தையும் போட்டு அக்கா வாங்கினாள். விற்றுக் கொடுத்தவர் தரகர்தான். படுக்கையறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு அழகான ஒரு வளைவு மாடம் இருந்தது. "இந்த மாதிரி வேலைப்பாடெல்லாம் இனிமே யாரும் செய்யமாட்டாங்கக்கா. இதுக்கே தனி விலை" என்று சொல்லி, அக்காவிடம் கூடுதலாகவே வாங்கி முதலாளிக்குக் கொடுத்தார். அக்கா அதில் பலகை அடித்து, வார்டிலிருந்து விடைபெறும்போது குழந்தைகள் கொடுத்த பொம்மைகளை வரிசையாக வைத்தாள்.

மற்ற ஐந்து வீடுகளும் பூட்டியே கிடந்தன. வாங்கியவர்கள் விலை ஏறுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவள் அக்கா ஒருத்திதான்.

போன வருஷம் முதலாளி அந்த ஆறு வீடுகளையும் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டார். ஐந்து பேர் சம்மதித்துவிட்டார்கள். அக்காவிடம் தரகர் பேச்சை எடுத்ததும், கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னை நாலு பேர் தூக்கிட்டுப் போறப்போ இந்த வாசலைத் தாண்டுவேன். அதுக்கு முன்னாடி எவன் வந்து கேட்டாலும் இதான் பதில். உன் மொதலாளிகிட்டச் சொல்லு."

தரகர் அப்படியே போய்ச் சொன்னார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சில மாதங்களில் பச்சைக் கதவு வீட்டின் சாவியைத் தரகர் கையில் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் படுக்கையறைக்கு அழைத்துப் போய் மாடத்தைக் காட்டினாள். பொம்மைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கியிருந்தாள். வளைவு முழுக்க ஈரம் பூத்திருந்தது. விரலால் அழுத்தினால் பூச்சு மாவாக உதிர்ந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்தாயிற்று, அடித்த கை காய்வதற்குள் மறுபடி கறுத்துவிடுகிறது என்றாள்.

"டாக்டர் சார், நோயாளியைப் பார்த்துச் சொல்லுங்க. பீஸ் வேணும்னா காபியாத் தரேன்."

தரகர் குழாய் கசிவாக இருக்கும் என்றார். குழாய் அந்தப் பக்கமே கிடையாது என்றாள் அக்கா. மழை என்றார். மழைதான் நின்றுவிட்டதே என்றாள். அவர் சுவரைத் தட்டினார். சுவர் தட்டுகிற மாதிரி இல்லை. மெல்லிசாக, வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது.

"சுவர் போனாப் போகுது. பின்னாடி வீட்டுல ஒரு குழந்தை இருக்குடா" என்றாள் அக்கா. அவள் முகமே மலர்ந்துவிட்டது. "ஒரு வயசுக்குள்ளதான் இருக்கும். எத்தனை குழந்தைங்களைப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? திடீர்னு கலகலன்னு சிரிக்கும். எப்பவும் ஒரே மாதிரி சிரிக்குதேன்னு முதல்ல யோசிச்சேன். அப்புறம் விட்டுட்டேன். சிரிச்சிட்டுப் போகட்டுமே. இந்தக் கட்டடத்துல எனக்கிருக்கிற ஒரே பேச்சுத்துணை அதுதான். கூட யாரோ ஒரு பெரியவர் இருக்கார், பாவம். குழந்தை சிரிச்சு முடிச்சதும் யாருக்கோ பயந்து பயந்து ஐயா ஐயான்னு பேசுவார்."

தரகர் பாதிதான் காதில் வாங்கினார். மோட்டார் போட்டார்களா என்று கேட்கவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. பேசுகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, போனை எடுத்து வாட்ச்மேன் எண்ணை அழுத்தினார்.

காதில் மணி அடித்தது. மாடத்துக்குள் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது.

"பார்த்தியா, உன்னைப் பார்த்துத்தான் சிரிக்குது" என்றாள் அக்கா.

தரகர் போனை வெட்டினார். சிரிப்பு நின்றது.

அவர் தற்செயலாக இருக்கும் என்று நினைத்து மறுபடி அழுத்தினார். குழந்தை மறுபடி சிரித்தது. அதே சிரிப்பு, அதே இடத்தில் ஒரு விக்கல். வெட்டினார். நின்றது. எத்தனையோ மாதமாக அந்த எண்ணைக் கூப்பிடுகிறார். கூப்பிடுகிறவர் காதில் அது என்றைக்கு விழுந்தது?

"இன்னைக்கு ரொம்பக் குஷி போலிருக்கு" என்றாள் அக்கா.

மணிக்கூண்டுத் தெருவிலிருந்து ஆற்றுத் தெருவுக்குக் காரில் வர மூன்று தெரு சுற்றவேண்டும். இரண்டுக்கும் விலை வேறு, வாங்குகிற ஆட்கள் வேறு. தரகர்களுக்கு வீடு என்றால் தெருவும் முகப்பும்தான். இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன என்பது அத்தனை வருஷம் அங்கே சுற்றியவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மாதக்கணக்காகத் தண்ணீர் காட்டிய பின்சுவர் அக்காவின் படுக்கையறைச் சுவர்.

காபி குடிக்காமல் கிளம்பினார். பச்சைக் கதவு வீட்டு மாடிக்கு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார், கயிற்றை அறுத்தார், சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடிவந்தார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று தரகர் கேட்டார். பேத்தியுடையது என்றார் பெரியவர், வெட்கத்தோடு. தூரத்தில் இருக்கிறாள், பார்க்க முடிவதில்லை, மகன்தான் பதிவு செய்து போன் மணியாக வைத்துக்கொடுத்தான். தொந்தரவாக இருந்தால் மாற்றிவிடச் சொல்லட்டுமா?

தரகர் பின்பக்க அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு கொட்டிப்போன இடத்தில் செங்கல் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு வளைவு. அதன் உள்ளே மட்டும் வேறு செங்கல், பிறகு வைத்து அடைத்தது.

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனார். முதலாளி தோட்டத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தரகர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். முதலாளி பேப்பரை மடித்து வைத்தார்.

"தெரியும் டாக்டர்" என்றார். "ரெண்டும் ஒரே வீடுதான். அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்போ நடுக்கதவை அடைச்சுட்டாங்க. மஞ்சள் கட்டடத்தைப் புதுப்பிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? மாடம்னு நீங்க நல்ல விலைக்கு வித்தீங்களே, அதுதான் கதவு."

தரகர், அப்படியானால் தெரிந்தேதான் இந்த வேலையைத் தன்னிடம் கொடுத்தாரா என்று கேட்டார்.

இரண்டு தெருவிலும் வாசல் வைத்து ஒரே ஹோட்டலாகக் கட்டப்போவதாக முதலாளி சொன்னார். வருத்தமாகத்தான் சொன்னார். வெளியாளிடம் கொடுத்திருந்தால் கண்மூடித்தனமாகச் செய்திருப்பான், சுவர் உங்கள் அக்கா தலையிலேயே விழுந்திருக்கும், நீங்கள் பக்குவமாகச் செய்வீர்கள் என்றுதான் கொடுத்தேன் என்றார். பிறகு, இன்ஜினியர் வியாழக்கிழமை வருகிறார் என்றார்.

"அவர்கிட்ட நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நான் தடுக்கமாட்டேன். ஆனா மொட்டை மாடிக்கு நான் ஒரு நாளும் ஏறினதில்லை. அதையும் நினைச்சுக்கிட்டுப் பேசுங்க."

வியாழக்கிழமைக்குள் சுவர் காயவில்லை. தரகரும் தூங்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மகள் போனில் வந்து அடுத்த தவணையைப் பற்றி நினைவுபடுத்தினாள். அக்கா போனில் வந்து, சுவருக்கு ஆள் அனுப்புகிறாயா இல்லையா, டாக்டர் வர வர நோயாளியைக் கவனிப்பதே இல்லை என்று கேலி செய்தாள்.

இன்ஜினியர் இளைஞர். கைசுத்தம் என்று பெயர் வாங்கியவர். முதலாளியின் மேனேஜர் குடிக்கக் கொடுத்ததைக்கூட வேண்டாம் என்றார். பச்சைக் கதவு வீட்டை அறை அறையாகப் பார்த்துக்கொண்டு மாடிக்கு வந்தார். பின்பக்க அறைச் சுவரில் கையை வைத்தார். கை ஈரமானது. வளைவுக்குள் ஒரு செங்கல்லைப் பிடித்து அசைத்தார். அது பல் ஆடுவதுபோல ஆடியது.

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார்.

மேனேஜர் தரகரைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிவிடலாம். இந்த வீட்டை மட்டும் ஆபத்து என்று எழுதிவிட்டுப் போவார். அக்காவின் வீடு அவள் பேரிலேயே இருக்கும். ஆனால் அடுத்த வாரம் இடிக்கிற ஆட்கள் வந்து இதே சுவரில் கடப்பாரையைப் போடுவார்கள், அந்தப் பக்கம் கட்டிலில் அவள் படுத்திருப்பாள்.

"ஆற்றுத் தெரு கட்டடம் சார். அங்க ஒரு அம்மா குடியிருக்காங்க. என் அக்கா."

இன்ஜினியர் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். குரல் மாறியது. நல்லவேளை சொன்னீர்கள் என்றார். பிறகு கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஈரம் இறங்கி வந்த தடத்தைக் கண்ணாலேயே மேலே வரைக்கும் தொடர்ந்தார்.

"மத்த மூணு சுவரும் கல்லு மாதிரி இருக்கு. இது ஒண்ணு மட்டும் ஏன் இப்படி? தண்ணி எங்கேருந்து வருது?"

தரகர் வாயைத் திறந்தார். நான்தான் விட்டேன் என்று ஒரு வாக்கியம். சுவரைக் காயவிட்டுப் பழுது பார்த்தால் இரண்டு வீடும் நிற்கும். அக்கா தன் பொம்மைகளை மறுபடி மாடத்தில் அடுக்கிக்கொள்வாள். அவருக்கு லைசென்ஸ் போகும், போலீஸ் வரும், மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள்.

"பழைய வீடு சார்" என்றார். "மழைத் தண்ணி இறங்கியிருக்கும்."

இன்ஜினியர் இரண்டு வீடுகளையும் ஆபத்து என்று எழுதினார்.

மறுநாளே மஞ்சள் கட்டடத்துக் கதவில் ஆபத்து என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். அக்கா அழவில்லை. ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலி செய்கிறவள் மாதிரி மளமளவென்று துணிமணிகளைக் கட்டினாள். நாலு பேர் தூக்கிப் போகாமலே வாசலைத் தாண்டினாள். தரகரின் வீட்டுக்கு வந்து, மகளின் அறையில், மகளின் கட்டிலில் படுத்துக்கொண்டாள். பொம்மைகளை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவளுக்கு விஷயம் புரிந்த விதம் வேறு. தம்பி மட்டும் இன்ஜினியரிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்காவிட்டால் சுவரோடு சுவராகப் போயிருப்பாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

"என்னைப் பெத்தவ என் தம்பிக்கு நல்ல புத்தியைக் கொடுத்துட்டுப் போயிருக்கா" என்று அக்கா அவர் மனைவியிடம் சொன்னபோது, தரகர் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனார்.

ஒரு விஷயம் மட்டும் அவளை அரித்தது. அந்தக் குழந்தை என்னவாயிற்று? அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களை எங்கே அனுப்பினார்கள்? குழந்தைக்கு ஈரச் சுவர் ஆகாதே, சளி பிடித்திருக்குமே? அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், குழந்தை நன்றாக இருக்கிறது என்று தரகர் சொன்னார். விசாரித்தாயா என்று கேட்டாள். விசாரித்தேன் என்றார்.

இடிக்கப் போகிற கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு என்ன விலை வரும்? முதலாளி இரக்கப்பட்டு ஒரு தொகை சொன்னார். வாங்கியதில் பாதிகூட இல்லை. தம்பி காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கச் சொன்னதற்கு, நீ பார்த்தாயல்லவா என்றாள். வெளியே வந்ததும், பால்கனியில் தன் பூந்தொட்டிகள் நிற்கின்றன, யாரையாவது விட்டு எடுத்துவரச் சொல் என்று மட்டும் கேட்டாள். தரகர் மேனேஜரிடம் சொல்லிவிட்டு மறந்துபோனார்.

முதலாளிக்குத் திருப்தி. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் நீல ஜன்னல் வைத்த ஒரு வீட்டின் சாவியைக் கொடுத்தார். மகளின் அடுத்த தவணை அதோடு வந்தது. தரகர் ஒரு நாள் யோசித்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் நின்று சரிவைப் பார்த்தார். முகப்புப் பக்கம் வரப்பு எழுப்பினார். தொட்டிக்குள் கையை விட்டு மிதவையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மோட்டாரைப் போட்டார். சாக்கு கொண்டுவர வேண்டிய அந்தப் பழைய வாட்ச்மேனை மட்டும் காணோம். எரிச்சலோடு போனை எடுத்து எண்ணை அழுத்தினார். வெகு நேரம் மணி அடித்தது. எடுத்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"எங்கேய்யா போய்த் தொலைஞ்சே? மிதவையைக் கட்டி மோட்டாரும் போட்டாச்சு. தண்ணி நிரம்பப் போகுது. ஓட்டையை அடைக்கச் சாக்கு எங்கே? பச்சைக் கதவு வீட்டுல பார்த்தேல்ல, அதே மாதிரிதான் இங்கேயும், பின்சுவர் பக்கமா..."

அந்தப் பக்கம் டம்ளரில் ஸ்பூன் மோதுகிற சத்தம் கேட்டது.

"தம்பி" என்றாள் அக்கா.

தரகர் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மேனேஜர் சொல்லி பூந்தொட்டி கொண்டு வந்தார்டா இவர். உக்காருங்கன்னு சொல்லி டீ போட்டேன். குடிச்சிட்டிருக்கிறப்போ இவர் சட்டைப்பையில குழந்தை சிரிச்சுது." அவள் குரலில் கோபம் இல்லை. மருந்து அளவைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "திரையில உன் போட்டோ. நான்தான் வாங்கி எடுத்தேன். இவரைத் திட்டாதே."

"அக்கா, நான் வந்து நேர்ல..."

"பேத்தியாம். பேர்கூடச் சொன்னார். நல்லாத்தான் இருக்காளாம். நீ சொன்னதுல அது ஒண்ணுதான் நிஜம்."

அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் அவளே கேட்டாள்.

"இப்ப எந்த வீட்டு மாடியில நிக்கிறே? பின்னாடி யார் இருக்காங்கன்னு பார்த்தியா?"

போன் நின்றுவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்சுவருக்கு அப்பால், பக்கத்து மாடியில், யாரோ கொடியில் துணி காயப் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் துணி, பள்ளிச் சட்டைகள், ஒரு தலையணை உறை.

அக்காவைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தாள். அண்ணி இப்போதுதான் வெளியே கிளம்பினார்கள் என்றாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, அந்த வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு. எங்கே என்று கேட்டதற்கு நகராட்சி ஆபீஸுக்கு என்றார்களாம். இன்ஜினியர் நல்ல பையன், அவரிடம் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றார்களாம். கையெழுத்துதான் ஆகிவிட்டதே, இனிமேல் என்ன என்று கேட்டாளாம் மனைவி.

"வீட்டுக்காக இல்லம்மா, தம்பிக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்னு சொல்லிட்டுப் போறாங்க. உங்களுக்கு உடம்புக்கு என்னங்க?"

தரகர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரை நிறுத்தக்கூடத் தோன்றாமல், தொட்டிக்குள் கையை விட்டார். இப்போதே அவிழ்த்துவிட்டால் இந்த வீட்டிலாவது ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் பிராண்டினார். வரவில்லை. தண்ணீர் விளிம்புக்கு ஏறி, வழிந்து, அவர் செருப்பை நனைத்துக்கொண்டு, அவர் எழுப்பிய வரப்பு ஓரமாகவே பின்சுவர் பக்கம் ஓடியது.